மருந்து தூவிய புஞ்சையின் கீரை

பருத்திக்குப் பூச்சிப்பொடி புதிதாக வந்த காலம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில், மார்கழிப் பனி இலையில் காயுமுன் அதைத் தூவிக் காட்டினார் விவசாய அதிகாரி. பிறகு வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய வேட்டித்துணியில் பொடியைக் கட்டி, குச்சியால் தட்டித் தட்டி நிரை நிரையாகப் போனார்கள். நான் பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்தேன்.

மத்தியானம் கோவில்பட்டி அறைக்குத் திரும்பிச் செய்தியை எழுதினேன். 'மருந்து தூவிய புஞ்சையில் சில நாட்கள் ஆடு மாடு மேயக் கூடாது' என்று அதிகாரி சொன்ன வரியில் பேனா நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் வழக்கம்போல் செடிகளுக்கிடையே முளைத்த கீரையைப் பறித்து மடியில் கட்டியிருந்தார்கள். என்னிடம் பேசிய ஒருத்திக்கு மடி நிறையக் கீரை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லியிருந்தாள்.

சாயங்கால ரயிலில் போக வேண்டிய கவரை மேஜையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வண்டிப்பாதையில் ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பி இறுக்கியது. குச்சியால் நோண்டுவதும் நகர்வதுமாகப் போய், கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டேன்.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது கீரையைக் கடைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, பேப்பர்கார அண்ணாச்சி வந்திருக்காவ. ஒங் கீரையையும் பேப்பர்ல போடப் போறாவ போல" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அதைக் கொடுக்காதேம்மா. மருந்து பட்ட கீரை."

"கழுவித்தான் போட்டேன், அண்ணாச்சி."

"கழுவினாலும் வேண்டாம். ஆடு திங்கக் கூடாதுன்னு ஆபீசர் சொன்னாரே?"

"ஆட்டத்தான சொன்னாரு. எங்களச் சொல்லலியே."

சட்டியை எடுத்துப்போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். கம்பங்கூழைக் கரைக்க உட்கார்ந்தவளின் நகக்கண்ணில் வெள்ளைப் பொடி தெரிந்தது. கையைக் கழுவச் சொன்னேன். கழுவினாள். சேலையில் துடைத்தாள். காலையில் கட்டியிருந்த அதே சேலை.

"சேலையிலயும் பொடி இருக்கும்மா."

"அதயும் அவுத்துக் குழியில போடச் சொல்லுதீங்களா?"

இந்த முறை பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கவில்லை. மாற்றுச்சேலை இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சின்னவள் அவள்மேல் சாய்ந்து முந்தானை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். தாய் வெடுக்கென்று பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. கூழ் கரைந்து முடிவதற்குள் நுனி மறுபடி அதன் வாய்க்குள் போயிருந்தது.