காருக்குள் பதிவான என் பேச்சு

மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம், குன்றத்தூர் வாடகை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். போன லீவில் வந்தபோது ஒரு பழைய காரை வாங்கினார். ஒரு மாதம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். வேலைக்கு நான் கம்பெனி பஸ்ஸில்தான் போவேன். கார் வாசலிலேயே நிற்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து, தண்டலம், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று ஒரு சுற்று போய்விட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு நாள் தண்டலம் சிக்னலில் நின்றிருந்தேன். பின்னால் வந்த பைக்காரன் என் பம்பரில் இடித்துவிட்டு, "இன்னாம்மா, பாக்காம ரிவர்ஸ் எடுக்கற?" என்று சத்தம் போட்டான். என் வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதைச் சொன்னேன். கூடியிருந்தவர்களில் ஒருவர், "லேடீஸ் ஓட்டுனா இப்டித்தான், வுடுப்பா" என்றார். எனக்காகப் பேசுவதாக அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் சாரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போனில் இதைக் கேட்டதும் கணவர், "கேமரா இருந்திருந்தா நீ நவரலன்னு காட்டியிருக்கலாம்" என்றார். அடுத்த மாதம் ஊருக்கு வந்த அவருடைய ரூம் நண்பர் ஒருவர் கையில் காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் டேஷ்கேம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேமராவைக் கண்ணாடியில் ஒட்டி, ஒயரை நேராகக் கீழே தொங்கவிட்டு, சிகரெட் லைட்டர் துளையில் குத்தினார். கியர் மாற்றினால் கையில் இடிக்கும் இடத்தில் ஒயர் ஆடிக்கொண்டிருந்தது.

"மறைச்சு எடுக்க முடியாதா?"

"வேலை செய்யுது இல்ல? அதாங்க்கா முக்கியம். நான் மாட்ற எல்லா வண்டிலயும் இப்டித்தான் கீது."

வேண்டாம் என்று கழற்றி வாங்கிக்கொண்டேன். என் வேலை அப்படி. ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனியில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். பலகையில் அடித்த முளைகளுக்கு நடுவே ஒயர்களை ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் மாட்டி அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். இப்போது லைனின் கடைசியில் நின்று சரிபார்க்கிறேன். டேப்பில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். தொங்குகிற ஒயரைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட என்னால் முடியாது.

அடுத்த ஞாயிறு காலை சாம்பார் வைத்து இறக்கிவிட்டு, காரின் நாலு கதவையும் திறந்து போட்டேன். ஃப்யூஸில் சொருகும் இணைப்பு, துணி டேப், டெஸ்டர் எல்லாம் முதல் நாளே வாங்கியிருந்தேன். கேமராவைப் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு மறைவாக ஒட்டினேன். அங்கிருந்து ஒயரை மேலே ஏற்றி, கூரைத் துணியின் விளிம்புக்குள் பழைய ஏடிஎம் கார்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். வலது பக்க மூலை வரைக்கும் சுலபமாகப் போய்விட்டது. அதன்பின் கண்ணாடி ஓரத்துத் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். பழைய வண்டி, அந்த இடத்தில் ஏர்பேக் கிடையாது. கதவு ரப்பரை இழுத்துவிட்டு மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டப்பென்று வந்தது.

உள்ளே தூணை ஒட்டி ஒரு ஒயர் கட்டு கீழே இறங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு காருக்குள் அது இருக்கும் இடத்தில் நான் பார்த்ததே இல்லை. யாரோ ஒருத்தி, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்றைப் பாதிக்குப் பாதி ஏற்றி, அவசரமில்லாமல் சுற்றிய டேப். எங்கள் கம்பெனியுடையது இல்லை. ஆனாலும் விரலால் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன்.

மாடி வீட்டுப் பெண் துணி உலர்த்த வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வண்டி ரிப்பேரா? மெக்கானிக்க கூப்டட்டா?"

"ரிப்பேர்லாம் இல்ல. கேமரா மாட்டிக்கினு இருக்கேன்."

"நீயேவா?" என்றாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். உள்ளேயிருந்து குழந்தை கூப்பிட, போய்விட்டாள்.

என் ஒயரை அந்தக் கட்டோடு சேர்த்து மூன்று இடத்தில் டேப் சுற்றிக் கீழே இறக்கினேன். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, ஃப்யூஸ் பெட்டியில் ஒரு இடம் பார்த்துச் சொருகினேன். எர்த்துக்கான கறுப்பு ஒயரை வண்டியின் பாடியில் ஒரு போல்ட்டுக்குக் கீழே வைத்து முடுக்கினேன். சாவி போட்டதும் கேமராவில் விளக்கு எரிந்தது. சாவியை எடுத்தேன், அப்போதும் எரிந்தது. எப்போதும் கரண்ட் இருக்கும் ஃப்யூஸில் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் பேட்டரி காலியாகிவிடும். மறுபடி படுத்து, டெஸ்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸைக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் மூடி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் கேமராவுக்கு ஒயர் இருப்பதே தெரியவில்லை.

கணவருக்கு வீடியோ கால் போட்டு எல்லாப் பக்கமும் காட்டினேன். அவர் படுக்கையில் இருந்தார். பின்னால் ரூம்காரர்கள் சத்தம். "நல்லாக்கீது, நல்லாக்கீது" என்றார். தூணுக்குள் பார்த்த ஒயர் கட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "டூட்டிக்கு நேரமாய்டிச்சு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் வண்டியை எடுத்தேன். வழக்கமான சுற்றுதான். மழை பெய்து ஓய்ந்திருந்த வாரம். பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி, ரோட்டிலிருந்தே தண்ணீர் தெரிந்தது. அவருக்கு அது பிடிக்கும் என்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் போனில் இறக்கி அனுப்பிவைத்தேன். படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சத்தம் வைத்துக் கேட்கவில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் அவர் போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நேத்து வண்டில கூட யாரு?"

"யாரும் இல்லியே."

"பேசிக்கினே வர்ற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்துவிட்டு, அவருக்கு அனுப்பியதைத் திறந்து, இயர்போன் மாட்டி, கேன்டீன் சுவரோரம் நின்று கேட்டேன். என் குரல்தான். சாம்பாரில் உப்பு அதிகமாகிவிட்டது, ராத்திரிக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்கிறேன். குறுக்கே வந்த லாரியைத் திட்டுகிறேன். ஏரி வந்ததும், "பாரேன், எவ்ளோ தண்ணி" என்கிறேன். பிறகு அந்த ஒயர் கட்டைப் பற்றி, அதைச் சுற்றியவளுக்கு நல்ல கை என்று, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நடுநடுவே, பதில் வருவதற்கு இடம் விட்டதுபோல் இடைவெளி. இத்தனை நாளும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேனா?

திரும்ப அவரைக் கூப்பிட்டேன்.

"நான் தனியாத்தாங்க இருந்தேன்."

"தெரியுது. முழுசா கேட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அதெல்லாம் எங்கிட்ட சொன்னதா?"

"தெரியலங்க."

"வாரா வாரம் அனுப்பு. நான் கேக்கறேன்" என்றார்.

அன்று ஷிஃப்ட் முடியும்வரை என் முகத்தில் சிரிப்பு இருந்ததாக லைன் பெண்கள் சொன்னார்கள். ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஆனால் வண்டியை எடுத்ததும் பேச வாய் வரவில்லை. அவர் கேட்கப்போகிறார் என்பது தெரிந்திருந்தது. "ஏரில இன்னும் தண்ணி இருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனியில் ரிப்போர்ட் படிப்பதுபோல் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இன்ஜின் சத்தமும் ஹாரன் சத்தமும் மட்டும் பதிவாகியிருந்ததை அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் அனுப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து கேமராவின் மைக்கை அணைத்துவிட்டேன். படம் மட்டும் பதிவாகிறது. சிக்னலில் எவனாவது இடித்தால் காட்ட அது போதும். நான் மறுபடியும் பேசுகிறேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சுற்றிவிட்டு வாசலில் வந்து இறங்கும்போது பெரும்பாலும் தொண்டை காய்ந்திருக்கிறது. உள்ளே போய் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பேன்.