ப்ளஜெனாவுக்கு விழுந்த துறை

ப்ளஜெனா எங்கள் ஊர் பஸ் ஓட்டுநர். நேரத்துக்கு முன்னால் கிளம்பியதில்லை. புருஷனே ஓடிவந்தாலும் காத்திருந்ததில்லை. அப்படிப்பட்ட பிடிவாதக்காரிக்கு மீன்பிடிப் போட்டிக் குலுக்கலில் விழுந்தது, எங்கள் செக் நாட்டு வல்டாவா ஆற்றிலேயே உருப்படாத துறை. கோடைப் படகுகள் தரைதட்டும் சரளைத் திட்டு அது.

போட்டி முடியும்வரை விழுந்த துறையை விட்டு நகரக் கூடாது. இறகு கட்டிய பொய் ஈயைக் காட்டி, இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு ட்ரவுட் மீனாவது அவள் பிடிக்காவிட்டால் எங்கள் சங்கம் லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடும். செயலாளரான நான் கரையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கா அது வரும்!

"வேற துறை கேளேன்" என்றேன், விசில் ஊதும் முன்பே.

"பஸ்ஸுக்கு ரூட்டை நானா போட்டுக்கறேன்? போய்யா."

படகுக்காரர்கள் "அஹோய்!" என்று வணக்கம் கத்திக்கொண்டே போனார்கள். இந்தச் சத்தத்தில் மீன் வருமா? அவள் பிடிக்கும் மீனை அளக்க வந்த ராட்டிமிர் எதிர்ச்சங்கத்துக்காரன். அவள் தோற்றால் அவர்கள் தப்புவார்கள். பயல் நிம்மதியாகக் கொட்டாவி விட்டான்.

அப்போது ஒரு படகு தரைதட்டியது. பீர் நெடியோடு நாலு பையன்கள் இறங்கி இழுத்தார்கள். அவர்கள் கால் கிளறிய சரளையிலிருந்து புழுக்கள் மிதக்க, அவற்றைத் தின்னப் பின்னாலேயே ஒரு மீன் புரண்டது. அவள் தூண்டிலை வீசுவதற்குள் போய்விட்டது.

"அக்கா, இன்னொரு தடவை மிதிச்சு விடட்டுமா?" என்றான் ஒருவன்.

ராட்டிமிர் கொட்டாவியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அடுத்தவர் உதவி விதிக்குப் புறம்பு.

"கெளம்புங்கடா! உங்க காலு புடிச்ச மீனை வச்சு நான் என்ன பண்ண?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ திட்டுக்குக் கீழே இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி, தானாகத் தட்டும் படகுக்காகக் காத்து நின்றாள். ஒன்றுகூடத் தட்டவில்லை. உதடு நீலம் பாய்ந்தும் நகரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி நேரத்தில் ஒரு அப்பாவும் மகளும் வந்த படகு உரசி நின்றது. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இறங்கி இழுத்தார்கள். கலங்கல் எழுந்த கணமே அவள் ஈ அங்கே விழுந்தது. கோல் வளைந்தது. மீன் கைவலைக்குள் வந்த பிறகுதான் முடிவு விசில் ஊதினார்கள்.

ராட்டிமிர் நனைத்த அளவுத்தொட்டியில் மீனைக் கிடத்தினான். அது அடங்கும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இருபத்தொண்ணு" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "வேணும்னா இன்னொரு தடவை அளந்துக்கோ தம்பி."

"வேணாம்க்கா" என்று மீனை ஆற்றில் விட்டான். "சரியாத்தான் அளந்தேன். லீக்லேருந்து எறங்குனது நாங்கதான்."