பாத்தி மிதிக்க வந்த வேன்

ராஜவேலின் டூர் கம்பெனிக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு பேனர்தான். வேன் வாடகை. உப்பளத்தில் இறங்கும் பறவைகள் யாருக்கும் சொந்தமில்லை. உப்பளம் ஊராருடையது. கிளியனூரில் உப்பைச் சாம்பாரில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன், பாண்டிச்சேரியிலிருந்து ஆளேற்றி வந்து மரக்காணத்து உப்பளத்தைச் சுற்றிக் காட்டினான்.

அவன் வியாபார சாமர்த்தியத்தை ஜான்சி வரப்பில் நின்றபடியே அளந்துவிட்டாள். அனுமந்தைக்காரி. எட்டாவதோடு பள்ளியை விட்டு உப்பளத்தில் இறங்கி முப்பது வருஷம். இந்த வருஷம்தான் சொந்தக் குத்தகைக்கு ஒரு பாத்தி. தை மாசம் முழுக்க அவளும் புருஷன் அந்தோணிராஜும் வெறுங்காலால் மிதித்து மிதித்து அதன் தரையை இறுக்கியிருந்தார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். குழி விழுந்தால் சேறு கலந்து கறுத்துவிடும், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

விடியுமுன் இறங்குகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராஜவேலின் வேனோ டிபன் முடித்துப் பதினொரு மணிக்கு வரும். ஆளில்லாத இடத்தில் வேலையைக் காட்ட வேண்டுமே, ஜான்சியைப் பிடித்தான்.

“அக்கா, ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு மணி நேரம் நில்லுங்க. வாரின உப்பையே திரும்ப வாருங்க. அந்த பூட்ஸ கழட்டிடுங்க, ஒரிஜினலா தெரியணும்.”

“ஆளுங்க வரப்புலயே நிக்கட்டும் தம்பி. பாத்தில கால் வெக்கக் கூடாது.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க்கா.”

மூன்றாவது ஞாயிறு பார்த்துக்கொண்டான். “எறங்குங்க சார், ஃபீல் பண்ணுங்க” என்று எட்டுப் பேரை ஷூவோடு இறக்கினான். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எருமை படுத்தெழுந்த குட்டைபோல் கிடந்தது பாத்தி.

ஜான்சிக்குச் சண்டை போட வராது. கறுத்த உப்பை வழித்துக் கொட்டிவிட்டு, புருஷனோடு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். ஞாயிறன்று வேன் வந்தது.

“என்னக்கா, உப்பையே காணோம்?”

“இன்னிக்கு பாத்தி மிதிக்கிறது தம்பி. உங்க ஆளுங்கள ஷூவ கழட்டிட்டு எறங்கச் சொல்லுங்க. இதான் ஒரிஜினல்.”

ராஜவேல் யோசிக்கவே இல்லை. கைதட்டி, வரிசைகட்டி மிதிக்க வைத்தான். உப்புத்தண்ணீர் பாதத்தைக் கடிக்கக் கடிக்கச் சிரித்தபடி மிதித்தார்கள். ஜான்சி பூட்ஸை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று, “அந்த மூலைய வுட்டுட்டீங்க சார்” என்றாள்.

மறுவாரம் பேனரில் ‘பாத்தி மிதிப்பு அனுபவம்’ என்று ஒரு வரி ஏறியிருந்தது. கூலியாளிடமே பணம் வாங்கிக்கொண்டு அவனை ஊரான் பாத்தியில் வேலைக்கு இறக்குகிற கம்பெனியை அந்தோணிராஜ் கண்டதில்லை.

“இவன் விவரமானவனா, லூசா?” என்று கேட்டான்.

“மிதிக்கட்டும்” என்றாள்.

நான்கு ஞாயிறு மிதித்தார்கள். நடுநாட்களில் ஜான்சியும் புருஷனும் மிதித்தார்கள். தரை கல்லாக இறுகியதும் தண்ணீர் விட்டாள். அடுத்த முறை வேன் வந்தபோது, வாய்க்கால் தாண்டப் போட்டிருந்த பலகையைக் காணோம். உப்பு வாரி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் அக்கரையில் காத்திருந்தாள் ஜான்சி.

“அக்கா, பலக எங்க? மிதிக்கணும்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன்.”

“மிதிச்சாச்சு தம்பி” என்றாள் ஜான்சி. அவளுக்குப் பின்னால் குவியல் வெள்ளையாக நின்றது.