சீரியல் கொலைகாரனுக்கு ஒரு மெழுகுவர்த்தி

கடலூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு இன்னும் இலவச டிவி வரவில்லை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு, எங்கள் வீட்டில்தான் மதிய சீரியல் பார்ப்பார். அதில் வரும் கொலைகாரனை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஒருநாள் அவன் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டு அழுதான். அன்று அவர் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா?"

"அந்த சீரியல்காரனுக்கு. அவன் கும்புடற சாமிகிட்டதான கேக்கணும்."

"அது நடிப்புதானம்மா."

"தெரியும் தம்பி."

"அப்ப இன்னொன்னு?"

"எம்புள்ளைய வெட்டுனவனுக்கு. அவனும் எங்கனா ஒக்காந்து அழுதுகிட்டு இருப்பான்ல."

சிறுவயதிலிருந்து பரலோக மந்திரம் சொல்கிறேன். அன்று பூசையில் அதன் 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற வரி வந்தபோது, அந்த இரண்டாவது மெழுகுவர்த்தியைத் திரும்பிப் பார்த்தேன்.