பசலிக் கணக்கில் ஓடிய கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, "உங்கம்மா ஆபீசில் என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டுறாங்க" என்று சின்னவள் சொல்லிவிட்டு வந்தாளாம். தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டம் கட்ட அம்மா எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பது எனக்குத்தான் தெரியும். பாதி நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். நான் படித்தது பத்தாவதுதான், அதனால் எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அப்போது நாம் பூதலூர் பக்கம் இருந்தோம். பெரியவன் இரண்டாம் வகுப்பு. சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். எனக்கு அறுப்பு மிஷின் புரோக்கர் வேலை. வெளியூரிலிருந்து வருகிற மிஷின்களை எந்த ஊரில் எந்த வயலில் இறக்குவது என்று ஏற்பாடு செய்வேன். அறுவடை மாதங்களில் சாப்பிட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் வேலையே இருக்காது. அதனால் மறுபடி மஸ்கட் போவதென்று முடிவு செய்து, தஞ்சாவூர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். முன்பே இரண்டு வருஷம் அங்கே இருந்தவன்தான். திரும்பி வந்த அன்று வாசலில் நின்ற பெரியவன் என்னைப் பார்த்து, "மாமா, உள்ள வாங்க" என்றான். அவனுக்கு அது ஞாபகமிருக்காது.

பாஸ்போர்ட் கொடுத்ததைச் சொன்னதும் அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"எனக்கு ஒன்றரை மாசம் குடுங்க. சென்னையில ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், என்கூடப் படிச்சவ சொன்னா. பரீட்சை வச்சுத்தான் எடுப்பாங்க. கிடைச்சா எல்லாருமா சென்னைக்குப் போயிடலாம். கிடைக்கலைன்னா நீங்க பிளேன் ஏறுங்க. நான் அழமாட்டேன்."

"அழவே மாட்டியா?"

"உங்க முன்னாடி அழமாட்டேன்."

ஏஜெண்டிடம் சித்திரை முடிவு வரைக்கும் தவணை கேட்டுக்கொண்டு வந்தேன்.

அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தாள். ஆனால் சென்னைக்காரர்கள் கேட்டது வேறு சமாச்சாரம், பல பரிமாணத்தில் தரவுகளை அலசுவது. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், அது ஓட நல்ல மிஷின் வேண்டும். சென்டரில் இரண்டும் இல்லை. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

"படிச்சாப் புரியுது. கைதான் பழகணும்" என்றாள்.

தஞ்சாவூரில், ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் தன் பிரவுசிங் சென்டரை மூடினார். அங்கே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, பாசஞ்சர் வண்டியில் கொண்டுவந்தோம். பெட்டி அம்மா மடியில், மானிட்டர் என் மடியில். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"டிவியா தம்பி?"

"கம்ப்யூட்டருங்க."

"சீரியல் தெரியுமா இதுல?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு இம்மாம் பெரிசு?"

மானிட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. பெட்டியில் ஏற்கெனவே இருந்த விண்டோஸ் சாதாரண ரகமாம், கூடப் படித்தவள் தபாலில் அனுப்பிய அந்த மென்பொருள் அதில் ஏற மாட்டேன் என்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு விண்டோஸ் போட்டாள். அதன் மேல் தரவுகளை வைக்கிற சர்வர், அதற்கும் மேல் அலசுகிற மென்பொருள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு நடுவில் மின்சாரம். பக்கத்து வயலில் கோடை நடவு, போர் மோட்டார் போட்டார்கள் என்றால் வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மூன்று தரம் அணைந்தது. நான்காவது தரம் நான் வரப்பில் ஏறி ஓடினேன். வயல்காரர் எனக்குப் பங்காளி, அண்ணன் முறை.

"அண்ணே, மோட்டார் போடறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுங்க."

"ஏன்டா, ஒன் வீட்டுப் பொட்டி படிக்கிறதுக்கு என் நடவு காயணுமா?"

"அஞ்சு நிமிஷம்ண்ணே. அவ சேவ் பண்ணிக்கட்டும்."

"என்ன பண்ணட்டும்?"

"பத்திரப்படுத்திக்கட்டும்."

திட்டினாலும் நல்ல மனுஷன். அதற்குப் பிறகு மோட்டார் போடுவதற்கு முன் தினமும் வந்து, ஜன்னல் வழியாக, "தாயி, பத்திரப்படுத்திக்க!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

எல்லாம் ஏறி முடிந்ததும் பழகிப்பார்க்கத் தரவு வேண்டியிருந்தது. புத்தகத்தோடு வந்த சிடியில் ஏதோ வெளிநாட்டுக் கடைகளின் வியாபாரம் இருந்ததாம். சிடியில் கீறல் விழுந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மா சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த மாதிரித் தரவு வேணும்?" என்று கேட்டேன்.

"நீளம் ஒண்ணு, அகலம் ஒண்ணு, உயரம் ஒண்ணுன்னு மூணு பக்கம் இருக்கணும். எந்தப் பக்கத்திலேர்ந்து பார்த்தாலும் தொகை சொல்லணும்."

"நெல்லு மூட்டையை அட்டி போட்டா அப்படித்தானே இருக்கும்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை மலை மாதிரி அடுக்குவார்களே, அதுதான் அட்டி. "நீளவாக்கில ஊரு, அகலவாக்கில ரகம், உயரத்துல போகம்" என்று நான் சொல்ல, "இவ்வளவு நாளா எனக்கு நீங்க ஏன் பாடம் எடுக்கலை?" என்று சிரித்தாள்.

தரவு என்னிடமே இருந்தது. மிஷின் எந்த ஊரில் இறங்கியது, என்ன தேதி, போகம் குறுவையா சம்பாவா தாளடியா, என்ன ரகம், எத்தனை மா நிலம் (மூன்று மா ஒரு ஏக்கர்), எத்தனை மூட்டை கண்டது என்று ஐந்து வருஷ டைரிகளில் எழுதி வைத்திருந்தேன். நான் வாசிக்க வாசிக்க அம்மா தட்டினாள். எட்டு நாள் ஆனது. கடைசியில் முதல் அட்டி கம்ப்யூட்டருக்குள் எழுந்தது. எங்கள் ஊரில் மாவுக்கு எத்தனை மூட்டை என்று அதனிடம் கேட்டாள். எண்ணூற்றுச் சொச்சம் என்று வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்ம ஊர்ல மாவுக்குப் பன்னெண்டு கண்டாலே பொங்கல் வைக்கிறோம். எண்ணூறா? அந்தப் பொட்டிக்குள்ள ஏதாச்சும் நெலம் குத்தகைக்கு வருமான்னு கேளு தாயி!"

ஒவ்வொரு வயலிலும் மாவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே வகுத்து, அதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்று கூட்டிவிட்டது. மூட்டையைத் தனியாகக் கூட்ட வேண்டும், நிலத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் வகுக்க வேண்டும். அம்மா திருத்தினாள். பதினொன்று என்று வந்தது. ஜன்னலில் நின்றவருக்குத் திருப்தி.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெரிய சிக்கல் வந்தது. மேட்டூர் அணையை ரொம்பத் தாமதமாகத் திறந்த வருஷத்தை எடுத்துப் பார்த்தோம். குறுவை சுத்தமாக இல்லை, சரி. சம்பா மட்டும் நிறையக் காட்டியது.

"இது பொய்" என்றேன். "அந்த வருஷம் சம்பா பாதி கருகிப்போச்சு. மிஷின்காரங்க ஒரு வாரத்திலயே ஊருக்குத் திரும்பிட்டாங்க."

"அப்ப உங்க டைரி பொய்யா? தேதி நீங்க சொன்னதுதான்."

"டைரி எப்படிப் பொய்யாகும்?"

"கம்ப்யூட்டரும் பொய் சொல்லாதுங்க."

நான் டைரியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன். இந்தச் சிக்கல் அவிழாமல் சென்னைக்குப் போனால் என்ன எழுதுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். மஸ்கட் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் வேறு வேலையாக அடங்கல் நகல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். என்னென்ன பயிர் எவ்வளவு நிலத்தில் என்று எழுதுகிற தாள் அது. அதன் தலையில் பசலி என்று போட்டு ஒரு எண். அதைப் பார்த்ததும் நகலை வாங்கக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்தேன்.

வருவாய்த் துறைக்காரர்கள் நிலக் கணக்கு வைக்கிற பசலி வருஷம் ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். குறுவை, சம்பா, தாளடி மூன்றின் அறுப்பும் அதற்குள் அடங்கும். நாங்கள் போட்டு வைத்ததோ ஜனவரிக் காலண்டர். அதனால், முந்தின வருஷத்துத் தண்ணீரில் விளைந்து தையில் அறுத்த நல்ல சம்பா, வறண்ட வருஷத்தின் பெயரில் ஏறிக்கொண்டது. வறண்ட வருஷத்துச் சம்பாவோ, மார்கழியில் அறுத்த கொஞ்சம் தவிர, அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அம்மா புத்தகத்தைப் புரட்டினாள். கம்பெனியின் வருஷம் எந்த மாதத்திலும் தொடங்கலாம், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அத்தியாயமே இருந்தது.

"இது நமக்கு எதுக்குன்னு தாண்டிட்டேங்க" என்றாள் மெதுவாக.

வருஷத்தை ஜூலைக்கு மாற்றி அட்டியை மறுபடி எழுப்பினாள். வறண்ட வருஷம் வறண்டு தெரிந்தது. பட்டினி கிடந்த வருஷத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் கைதட்டியது அன்றைக்குத்தான்.

பரீட்சை அன்று சென்னையில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நாலு டீ. வெளியே வந்தவள், "பிஸ்கட் கம்பெனிக் கணக்கு குடுத்தாங்க. வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குதுன்னு அடியில பொடி எழுத்துல இருந்துச்சு. அதைத்தான் முதல்ல செஞ்சேன். மீதிக்கு நேரம் பத்தலை" என்றாள். பாஸா பெயிலா என்று தெரியாமலே ஊர் திரும்பினோம்.

சித்திரை முடிய ஆறு நாள் இருக்கும்போது அண்ணன் வரப்பில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நம் வீட்டில் போன் இல்லை, அவர் வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

"ஏ தாயி, சென்னையிலேர்ந்து ஒரு பொம்பள இங்கிலீஷ்ல பேசுது! வச்சிடாதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், ஓடு!"

அம்மா செருப்புப் போடாமல் ஓடினாள். திரும்பி வரும்போது நடந்துதான் வந்தாள். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அழமாட்டேன் என்று சொன்னவள், என் முன்னாலேயே நன்றாக அழுதாள்.

மறுநாளே ஏஜெண்டிடம் போய் நின்றேன்.

"வர்றவங்க ஆயிரம் பேர் இருக்க, நீங்க வேணாங்கறீங்க. வீட்டம்மா வேலைக்குப் போனா நீங்க என்ன, சோறு பொங்குவீங்களா?" என்றார்.

"பொங்குவேங்க. மஸ்கட்ல பதினோரு பேருக்கு நான்தான் பொங்கினேன். இங்க நாலே பேருதான்."

அவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையைக் கிளறினார். அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தது என் பாஸ்போர்ட். எடுத்துக் கொடுத்தார். பிரித்து என் போட்டோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.