சாவடியில் நின்ற எண்ணெய்த் துளி

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அப்பால், பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்யத்தில் அந்தக் கெடுபிடி இல்லை. வகுப்பில் ஒரு சோதனை செய்துகாட்ட பெங்களூரில் ஒரு புட்டி ஸ்பிரிட் வாங்கி, அனுமதிச் சீட்டோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் என் பையைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"ஸ்பிரிட்டுங்க. பள்ளிக்கூடத்துக்கு. சீட்டு இருக்குது, பாருங்க."

படித்தார். புட்டியை முகர்ந்தார். முகம் இளகவில்லை.

"பொம்பளைப் புள்ளைங்களுக்கு இதை வெச்சி என்ன பாடம்?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. வாயால் சொன்னால் இந்த மனிதர் நம்பமாட்டார்.

"செஞ்சே காட்டிடறேன்" என்று இறங்கினேன்.

எதிரே டீக்கடை. கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் வாங்கி, கரண்டி முதுகில் வழியவிட்டு அதன்மேல் ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றினேன். பேனாவுக்கு மை போடும் ஃபில்லரில் கடலை எண்ணெயை உறிஞ்சி உள்ளே விட்டேன். எண்ணெய் மேலே வரவில்லை, அடிக்கும் போகவில்லை. நடுவில் கோலிக்குண்டாக நின்றது.

போலீஸ்காரர் குனிந்தார். "எண்ணெய் மெதக்கணுமில்ல?"

"ஸ்பிரிட்டு எண்ணெயைவிட லேசுங்க, தண்ணி கனம். ரெண்டுக்கும் நடுவுல நின்னுடுச்சு."

பிறகு ஒரு கிண்ணத்தில் தனியாக ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து, என் பையிலிருந்த சிவப்பு மையை ஒரு சொட்டு சேர்த்து, அதை ஃபில்லரில் உறிஞ்சி, டம்ளரில் நின்ற எண்ணெய்க்குள் நுனியை நுழைத்தேன். எண்ணெய் இரண்டாக உடைந்தது.

"நேரமாவுது டீச்சர்" என்றார் கண்டக்டர்.

"இருய்யா!" என்று அதட்டியது போலீஸ்காரர்தான்.

மறுபடி செய்தபோது, எண்ணெய்க்குள்ளே சிவப்பாக இன்னொரு துளி கலையாமல் நின்றது. தேன்கனிக்கோட்டைக்குப் போகிற அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, முட்டைக்குள் கரு மாதிரி இருக்கிறதென்று தெலுங்கில் சொன்னார். எனக்கே கொஞ்ச நேரம் பஸ் மறந்துவிட்டது.

"போங்க டீச்சரம்மா" என்று பெஞ்சிலிருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தார் போலீஸ்காரர். டம்ளரைக் கொட்டப் போனேன்.

"அது இருக்கட்டும். நானே கொட்டிடறேன்."

பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். டம்ளர் கடை பெஞ்சின் மேல் இருந்தது. டீ குடிக்க வந்தவர்களை அந்தப் பெஞ்சில் உட்காரவிடாமல் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார் போலீஸ்காரர்.