மிச்ச நாடாவில் மூன்று பாட்டு

போன மாதம் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் மருந்துக்கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான், ரேடியோவைப் போட்டேன். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பிறந்த கறுப்பின மக்களின் சோல் பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்து வருவது மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் சாமான் அறையிலிருந்து இப்போதுதான் கிடைத்தது, இத்தனை காலமும் நாலைந்து தேய்ந்த இசைத்தட்டுகளில் மட்டுமே இருந்தது, மூல நாடாவைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள் என்றார் அறிவிப்பாளர். முதலில் ஓர்கன், பிறகு அந்தப் பெண்ணின் குரல். சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பாட்டு என்னிடம் முப்பது வருடமாக இருக்கிறது. அலுமாரியின் மேல்தட்டில், பழைய காற்சட்டைக்குள் சுற்றி, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன்.

அது எப்படி என்னிடம் வந்தது என்றால், ஈரமான இசைத்தட்டு உறைகளின் மட்டை வாசனையிலிருந்து தொடங்க வேண்டும். சிட்னிக்கு வந்த புதிதில் பழைய இசைத்தட்டு விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கடைக்காரர் பெயர் கெவின். வெள்ளைக்காரர். அலபாமாவில் எந்தத் தெருவில் எந்த ஸ்டூடியோ இருந்தது என்று விரல்விட்டுச் சொல்வார், ஆனால் விமானத்துக்குப் பயம், அமெரிக்கா பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. செத்துப்போனவர்களின் வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் தட்டுகள் வரும். அவற்றைக் கழுவித் துடைத்துக் காயவைப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு கோப்பை கழுவியறியாதவன் நான்.

என்னை வேலைக்கு எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் நான் ஒரு ரெக்கோர்டிங் சென்டரில் இருந்தவன். சனம் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வரும், நாங்கள் கசெட்டில் அடித்துக் கொடுப்போம். அந்தத் தொழிலில் ஒரு மரியாதை இருந்தது. கேட்ட பாட்டுகள் முடிந்து நாடா மிச்சம் இருந்தால் வெறுமையாக விடக் கூடாது. நல்ல பாட்டாகப் பார்த்து நாங்களே நிரப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் நாடா போனால் ஆள் சண்டைக்கு வந்துவிடும். கெவினின் கடையிலும் அதையே செய்தேன். அவரிடம் இரண்டு கசெட் போடுகிற அருமையான ஜப்பான் ரெக்கோர்டர் டெக் ஒன்று இருந்தது. அதைப் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருப்பார். வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி வருமளவுக்குப் பெயர் எடுத்தேன், எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஊருக்குக் கடிதம் போய்ச் சேர்வதே பெரும்பாடு. எனக்கும் தம்பி ரஞ்சனுக்கும் இடையில் ஒரு கசெட் ஓடியது. ஒரு பக்கத்தில் பக்திப் பாட்டு, மறுபக்கத்தில் நாங்கள். ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிற யாராவது கையில் எடுத்துப்போய், அங்கேயிருந்து எனக்குத் தபாலில் போடுவார்கள். நான் அனுப்புவதும் கொழும்பு வரை தபாலில் வந்து, ஊருக்குப் போகிறவர்கள் கையில் போகும். புதுக் கசெட் என்றால் சோதனைச் சாவடியில் கேள்வி வரும், பிள்ளையார் படம் போட்ட பழைய கசெட்டை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதனால் அதே கசெட்தான் போகும், அதேதான் வரும். அவன் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நான் பேசி அனுப்புவேன். என் பேச்சின் மேல் அவன் பேசுவான்.

போர்த் தடையால் பற்றரியும் கரண்டும் ஊருக்குள் வராத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரெக்கோர்டரை ஓட்டுவார்கள். கடைசியாகக் கசெட் வந்தபோது, கூட்டாளி ஒருவனைச் சுற்ற வைத்துவிட்டுத் தம்பி இப்படித்தான் தொடங்கினான்: "அண்ணா, சிவா சுத்துறான். அவன் களைச்சால் என்ர குரல் இழுபடும், குறை நினையாத." முப்பது நிமிடமும் பேசினான். அம்மாவுக்கு முழங்கால் வலி, கிணற்றுக்குள் பூனை விழுந்தது, தன்னை இங்கே கூப்பிட எப்போது ஸ்பொன்சர் வரும் என்று எல்லாம். கடையின் பின்னறையில் இசைத்தட்டுக் கழுவிக்கொண்டே ஒருமுறை கேட்டேன். பாதியில் கெவின் கூப்பிட்டார், போய்விட்டு வந்து மிச்சத்தைக் கேட்டேன். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பதில் பேசினேன். பதினெட்டு நிமிடம். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் காது கூசுகிறது. இல்லாத காரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கடற்கரையைப் பற்றி, பொறுத்திரு என்று, ஆங்கிலத்தைப் படி என்று. பேச்சு முடிந்தபோது பன்னிரண்டு நிமிட நாடா மிச்சம் இருந்தது. அதில் தம்பி இருந்தான். நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான். என் கை பழக்கதோஷத்தில் கெவினின் மூன்று நல்ல தட்டுகளை எடுத்து, சரியாகப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பாட்டு நிரப்பியது. தம்பி சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். கடைசியாகப் போட்டதுதான் ரேடியோவில் வந்த அந்தப் பாட்டு.

பக்கத்திலேயே இரட்டை டெக் இருந்தது. ஊர்ப்பட்ட சனத்துக்கெல்லாம் பிரதி அடித்துக் கொடுத்தவன், தம்பியின் பேச்சுக்கு ஒரு பிரதி எடுக்கவில்லை. கசெட் திரும்ப வரத்தானே போகிறது என்றிருந்தேன்.

கசெட் கொழும்புக்கு மேல் போகவில்லை. போர் நெருங்கி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தது, கொண்டுபோக ஆள் இல்லை, ஆறு மாதத்தில் எனக்கே திரும்பி வந்தது. அதற்குள், வீட்டைப் பார்த்துவிட்டு வாறன் என்று அம்மாவிடம் சொல்லிச் சைக்கிளில் போன ரஞ்சன் திரும்பி வரவில்லை. எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அம்மாவை இங்கே கூப்பிட்ட பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். "தம்பி பேசின கசெட் இருக்கெல்லே?" "ஓம் அம்மா, பத்திரமா இருக்கு." "ஒருக்காப் போடன்." "பிளேயர் பழுதம்மா." இப்படியே இத்தனை வருடத்தையும் ஓட்டினேன். பெரிய பொய்யனாக ஒன்றும் வளரவில்லை, இந்த ஒரு பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். போன வருடம் டொக்டர் அம்மாவின் இதயத்தைப் பற்றிச் சொன்ன பிறகு கிழமைக்கு ஒருமுறை கேட்கத் தொடங்கினார். அழுது கேட்கவில்லை. மாத்திரை கேட்பது போலத்தான் கேட்டார்.

ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டதும் எனக்கு விசர் பிடித்தது. சாமான் அறையில் உக்கிக் கிடந்த நாடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தியின் குரலை எடுக்கிறார்கள் என்றால் என் தம்பியை ஏன் எடுக்க முடியாது? விசாரித்தபோது, பழைய நாடாக்களை இப்படித் திருத்துகிற ஒரு பிள்ளை மெல்பேர்னில், டார்னெய்ட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஷீலா, மலேசியத் தமிழ்ப் பிள்ளை. தபாலை நம்பாமல் கசெட்டை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் போனேன்.

தன் கராஜில் வைத்து ஒரு நாள் முழுவதும் பார்த்தாள். பெரிய ஸ்டூடியோ நாடாக்களில் சிலவேளை விளிம்பில் அழிபடாமல் பழைய பதிவு கொஞ்சம் தங்கியிருக்குமாம். அதைத்தான் தேடினாள். நான் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கடவுளிடம் நான் கேட்டதெல்லாம் ஒரு சொல்தான். ஒரு இருமல் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது.

மாலையில் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அங்கிள், சும்மா நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரல. ஒண்ணும் இல்ல. இது நல்ல டெக், சுத்தமா அழிச்சிருக்கு. கொஞ்சம் மட்டமான மெஷினா இருந்தா ஏதாச்சும் மிஞ்சியிருக்கும்."

கெவின் அந்த டெக்கை எப்படித் துடைப்பார் என்று சொன்னேனே. அவர் எப்போதோ போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது பல் டொக்டர் இருக்கிறார். தம்பி பேசிய சொற்கள் கொஞ்சம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, குரல் இல்லை. எத்தனை தரம் கண்ணை மூடிப் பார்த்தாலும் அந்தச் சொற்கள் என் குரலில்தான் வருகின்றன. முப்பது வருடத்தில் நான் தொலைத்தது அதுதான்.

சிட்னிக்குத் திரும்பி வந்து, குசினிக் கதிரையில் அம்மாவை இருத்தி, தம்பியின் பேச்சின் மேல் நான் பேசிவிட்டதைச் சொன்னேன். ஷீலா தந்துவிட்ட சின்ன பிளேயரில் கசெட்டைப் போட்டேன். என் பதினெட்டு நிமிடத்தையும் அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு பாட்டு தொடங்கியது.

"ஆர் உவள்? செத்தவீட்டில குளறுற மாதிரிக் குளறுறாள்."

"அமெரிக்கக்காரி அம்மா. மிச்ச இடத்தில நான்தான் போட்டனான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப உந்தப் பாட்டுக்குக் கீழயோ அவன் கிடக்கிறான்?"

ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஷீலா சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம்" என்றேன்.

இப்போது மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதைப் போடச் சொல்கிறார். என் பேச்சு வேண்டாமாம், அதை வேகமாக ஓடவிட்டுத் தாண்டி அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் போட வேண்டும். பழைய நாடா, ஒவ்வொரு நாளும் போட்டால் தேய்ந்துபோகும் என்று நேற்றுச் சொல்லிப் பார்த்தேன்.

"தேயட்டும்" என்றார் அம்மா. "மேல கிடக்கிறது தேய்ஞ்சாலெல்லோ அவன் வெளியில வருவான்."